குளத்து தண்ணி வேட்டைய பாக்க ஒரு அம்பாலா மைக்ரோஸ்கோப்: வாங்கலாமா?

மைக்ரோஸ்கோப் வாங்கப்போறேன்னு யார்கிட்ட சொன்னாலும் மொதல்ல கேக்குறது எத்தன மடங்கு பெருசா காட்டும்னு தான், கடைக்காரங்களும் அதையே தான் டப்பா மேல கொட்ட எழுத்துல போட்டுருப்பாங்க, ஆயிரம் மடங்கு, ஆயிரத்தி ஐநூறு மடங்குன்னு. நான் வாங்குனது ஒரே ஒரு வேலைக்கு. ஒரு சொட்டு தண்ணிக்குள்ள ஒரு செல் உயிரி ஒண்ணு இன்னொரு ஒரு செல் உயிரிய புடிச்சு திங்குறத உயிரோட பாக்கணும், அவ்ளோதான். அந்த வேலைக்கு இந்த ஆயிரம் மடங்கு நயா பைசாவுக்கு ப்ரயோஜனம் இல்ல. ஸ்டேஜ், அதாவது ஸ்லைட வைக்கிற மேடை, எவ்ளோ ஸ்மூத்தா நகருது, ஐரிஸ், அதாவது கீழ இருந்து வர்ற வெளிச்சத்த கூட்டி கொறைக்கிற வளையம், ஒழுங்கா மூடுதா, இந்த ரெண்டு தான் மேட்டர். மீதி எல்லாம் சும்மா.

அயிட்டம் என்னன்னா ஹரியானால அம்பாலா இருக்குல்ல, நம்ம ஊரு ஸ்கூல் லேப்ல பாத்த முக்காவாசி சாமான் அங்க இருந்து வர்றது தான், அங்க செஞ்ச ஸ்டூடண்ட் மாடல். ஒத்தக்கண் டைப், தலை சாஞ்சிருக்கும், 4எக்ஸ் 10எக்ஸ் 40எக்ஸ் 100எக்ஸ் நாலு ஆப்ஜெக்டிவ் (ஸ்லைட் பக்கம் இருக்குற லென்ஸ், எக்ஸ்னா மடங்கு), 10எக்ஸ் ஐபீஸ் (கண்ண வச்சு பாக்குற லென்ஸ்), ரெண்டு திருகு வச்ச மெக்கானிக்கல் ஸ்டேஜ், வெளிச்சத்த குவிக்கிற கண்டென்சர், எல்இடி லைட். பில்லோட ஏழாயிரத்துக்கு கொஞ்சம் கீழ வந்துச்சு. ப்ராண்ட் பேரு சொல்லாததுக்கு காரணம் இருக்கு, சென்னைல பார்க் டவுன் பக்கம் ஒவ்வொரு கடையா ஏறி எறங்குனா ஒரே பாடில வேற வேற ஸ்டிக்கர் ஒட்டி தான் வச்சுருக்காங்க, ஸ்டிக்கர பாத்து ஒண்ணும் ஆவப்போறதில்ல, கையில புடிச்சு திருகி பாத்து தான் எடுக்கணும்.

கடைல அண்ணன் மொதல்ல கேட்டது "பாத்தாலஜி லேப்புக்கா மேடம், காலேஜுக்கா?" ரெண்டும் இல்லண்ணா, குளத்து தண்ணி பாக்கணும்னு சொன்னேன். மனுசன் ஒரு செகண்ட் என்ன மேலயும் கீழயும் பாத்துட்டு "தண்ணி டெஸ்டிங்கா?"ன்னாரு. இல்லண்ணா, சும்மா பாக்கதான். "சும்மாவா?"ன்னு சிரிச்சுட்டு நேரா பதினஞ்சாயிரம் ரூவா பைனாகுலர் மாடல, ரெண்டு கண்ணாலயும் பாக்குறது, எடுத்து வச்சுட்டாரு, "எடுத்தா இத எடுத்துருங்க மேடம், ரத்த அணு எல்லாம் சும்மா தாம்பாளம் மாதிரி தெரியும்". ரத்த அணு எனக்கு எதுக்கு, அது எங்கயும் ஓடாது. ஓடுறத பாக்கணும் எனக்கு. ஆனா சும்மா சொல்லக்கூடாது, பொறுமையா ஒவ்வொரு பீஸா எடுத்து குடுத்து திருக விட்டாரு, மூஞ்ச சுளிக்கல. ஒரே மாடல்லயே ஒரு பீஸ் வெண்ணை மாதிரி நகந்துச்சு, பக்கத்துல இருந்தது கரகரன்னு சிக்கி சிக்கி வந்துச்சு. அதனால தான் சொல்றேன், இத ஆன்லைன்ல ஆர்டர் போடாதீங்க.

இப்ப ஏன் ஸ்டேஜ் ஸ்டேஜ்னு உயிர வாங்குறேன்னா, ஒரு சின்ன கணக்கு பாருங்க. சாதா 10எக்ஸ் ஐபீஸ்ல 18 மில்லிமீட்டர் ஃபீல்டுன்னு வச்சுக்கோங்க, அத ஆப்ஜெக்டிவ் நம்பரால வகுத்தா தெரியுற வட்டத்தோட அகலம் வரும், 40எக்ஸ் ஆப்ஜெக்டிவ் போட்டா உங்களுக்கு தெரியுற வட்டம் அரை மில்லிமீட்டர் கூட இல்ல, 0.45 மில்லிமீட்டர் தான். பாரமீசியம்னு செருப்பு வடிவுல ஒரு செல் உயிரி, அது நல்ல மூட்ல இருந்தா செகண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் நீந்தும். அதாவது இந்த பக்கம் நொழைஞ்சு அந்த பக்கம் போறதுக்கு அரை செகண்ட் கூட ஆவாது, நீங்க "ஹே வந்துருச்சு"ன்னு சொல்றதுக்குள்ள போயிருக்கும். அதே 10எக்ஸ் ஆப்ஜெக்டிவ்ல வட்டம் 1.8 மில்லிமீட்டர், கை பழகுச்சுன்னா பின்னாடியே ஸ்டேஜ திருகிட்டே போலாம். 4எக்ஸ்ல நாலரை மில்லிமீட்டர், மொத்த ஏரியாவும் தெரியும், எவன் எங்க சுத்துறான்னு அங்க பாத்து வச்சுட்டு 10எக்ஸுக்கு மாறிக்கலாம். வேட்டையில பெரும்பகுதி இந்த 10எக்ஸ் ஆப்ஜெக்டிவ்ல, அதாவது ஐபீஸோட பெருக்குனா நூறு மடங்குல தான் நடக்கும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு பாக்குற 100எக்ஸ் ஆயில் ஆப்ஜெக்டிவ் இருக்கே, அது ஸ்லைட முட்டுற அளவுக்கு கிட்ட வந்தா தான் ஃபோகஸ் ஆவும், அதுக்கு சொட்ட நசுக்கி மெல்லிசாக்கணும், நசுக்குனா உள்ள இருக்குறதும் சேந்து நசுங்கும், அப்புறம் எங்க வேட்டை.

வேட்டைன்னா மொதல்ல டிடினியம், பாரமீசியத்த புடிச்சு திங்குற ஒரு செல் உயிரி. இதுக்காகவே வாங்கலாம் இந்த மிஷின. குட்டி பீப்பா வடிவம், முன்னாடி ஒரு கூம்பு மூக்கு, உடம்ப சுத்தி ரெண்டு வரிசைல ஒட்டியாணம் கட்டுன கணக்கா சிலியா முடி, சொழண்டுகிட்டே நீந்தும். பாரமீசியத்த விட சின்னது பெரும்பாலும். தொரத்தி புடிக்கும்னு நெனச்சுட்டு இருந்தா கொஞ்சம் ஏமாத்தமா இருக்கும், தூரத்துல இருந்து எரைய மோப்பம் புடிச்சு வர்ற வேலையெல்லாம் அதுகிட்ட இல்ல, கண்ணுமண்ணு தெரியாம ஸ்பீடா சுத்திக்கிட்டே இருக்கும், முட்டுறது எல்லாத்துலயும் மூக்க வச்சு முட்டும், கண்ணாடி, அழுக்கு, பாசி எல்லாத்துலயும். பாரமீசியத்துல மூக்கு பட்டுச்சோ முடிஞ்சுது. மூக்குக்குள்ள மடிச்சு வச்சுருக்குற விஷ ஊசிங்க பாஞ்சு ஒட்டிக்கும், பாரமீசியம் பதிலுக்கு தன் உடம்புல இருந்து குட்டி குட்டி ஈட்டிங்கள ஒரே நேரத்துல விடும், அந்த எடத்துல மட்டும் பஞ்சு புடிச்ச மாதிரி ஒரு மொத்தை கெளம்புறது ஐரிஸ பாதி மூடுனா பளிச்சுன்னு தெரியும், சில நேரம் அந்த மொத்தை ரெண்டையும் தள்ளி விலக்கிவிட பாக்கும், ஆனா பெரும்பாலும் டிடினியம் விடாது. அப்புறம் நடக்குறது தான் நம்ப முடியாதது. வாய் விரியும், விரியும், விரிஞ்சுகிட்டே போவும், தன்ன விட நீளமான உயிர மடிச்சு மடிச்சு உள்ள தள்ளும், ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல வெளிய ஒண்ணும் இருக்காது, பீப்பா உருண்டையாகி நிக்கும்.

அக்கா பொண்ணு லீவுக்கு வந்திருந்தா, அவ தான் இத மொதல்ல முழுசா பாத்தது. "சித்தி, அது அதவிட பெரிய சைஸ முழுங்குது சித்தி, வெடிச்சுடாதா?"ன்னு ஐபீஸ விட்டு நகரவே மாட்டேங்குறா. எனக்கு காட்டுடின்னா "இருங்க சித்தி, வால் மட்டும் பாக்கி"ங்குறா. மைக்ரோஸ்கோப்ல எல்லாம் தலகீழா தெரியும்ல, அது வலது பக்கம் போறதா தெரிஞ்சா நாமளும் ஸ்லைட வலது பக்கமே தள்ளணும், அந்த கணக்கு கொழந்தைங்களுக்கு வீடியோ கேம் ஆடுன கையால டக்குனு வந்துடுது, எனக்கு தான் ரொம்ப நாள் ஆச்சு.

டிடினியத்த வீட்ல வச்சுக்கறது லேசு இல்ல, காரணம் அது திங்குற ஸ்பீடு. 1934லயே கௌஸ்னு ஒரு ரஷ்யன் சயின்டிஸ்ட் இதையே ஒரு சோதனையா செஞ்சாரு, கண்ணாடி குழாய்ல பாரமீசியத்தயும் டிடினியத்தயும் ஒண்ணா விட்டா டிடினியம் பெருகி பெருகி எல்லாத்தயும் தின்னு தீத்துட்டு அப்புறம் தானும் பட்டினில செத்துடும். அடில கொஞ்சம் கசடு போட்டு பாரமீசியத்துக்கு ஒளிய எடம் குடுத்தா கதை மாறும், வேட்டையாடி பட்டினில போவும், ஒளிஞ்சிருந்தது பெருகும். ரெண்டும் சேந்து ஏறி எறங்கி ஓடணும்னா அவரு நடு நடுவுல வெளிய இருந்து ரெண்டையும் புதுசா விட வேண்டியிருந்துச்சு. 1973ல லக்கின்பில்னு ஒருத்தர் மெத்தில் செல்லுலோஸ் கலந்து தண்ணிய கெட்டியாக்கி, நீந்துற ஸ்பீட கொறச்சு, ரெண்டும் ரொம்ப நேரம் தாக்குப்புடிக்கற மாதிரி பண்ணாரு. நம்ம வீட்டு கண்ணாடி டம்ளர்லயும் அதே கதை தான், இன்னிக்கு கூட்டமா இருக்கும், ரெண்டு நாள் விட்டு பாத்தா துடைச்சு வச்சுருக்கும். அதனால பாரமீசியம் மட்டும் தனியா ஒரு பாட்டில்ல வளத்துக்கிட்டே இருக்கணும், நாலு வேகவச்ச அரிசி பருக்கை, இல்ல ஒரு பிடி வைக்கோல கொதிக்க வச்சு ஆற வச்ச தண்ணி, அது போதும். மெட்ரோ வாட்டர நேரா ஊத்தாதீங்க, குளோரின் இருக்கும், ஒரு நாள் திறந்து வச்சுட்டு ஊத்துங்க. டிடினியம் சாப்பாடு இல்லன்னா ஓடு கட்டிக்கிட்டு தூங்கிடும், அதனால காலி டம்ளர கழுவி ஊத்திடாதீங்க, புது பாரமீசியம் விட்டா திரும்ப எந்திரிக்க வாய்ப்பு இருக்கு.

அந்த மெத்தில் செல்லுலோஸ பத்தி ஒரு வார்த்தை. இங்க கெமிக்கல் கடைல கெடைக்கும், கலந்தா எல்லாம் ஸ்லோமோஷன் ஆயிடும், ஃபோட்டோ எடுக்க சூப்பர். ஆனா வேட்டை பாக்கணும்னா கலக்காதீங்க, ரெண்டு பேரும் சேத்துல மாட்டுன மாதிரி நிப்பாங்க. அதுக்கு பதிலா பஞ்ச ரெண்டு மூணு இழை பிரிச்சு சொட்டுல போட்டு மேல கவர் ஸ்லிப், அதாவது மெல்லிசு கண்ணாடி வில்லை, வச்சா, சின்ன சின்ன அறையா ஆயிடும், ஓடுனாலும் ரொம்ப தூரம் ஓடாது.

லாக்ரிமேரியா இன்னொரு ரகம். பாசிக்குள்ள உடம்ப மறைச்சுட்டு கழுத்த மட்டும் வெளிய நீட்டி தேடும், நீட்டும் சுருக்கும், இந்த பக்கம் ஒரு வீசு, அந்த பக்கம் ஒரு வீசு. கழுத்து உடம்பு நீளத்த போல முப்பது மடங்குக்கும் மேல நீளும்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, அது எப்படி அவ்ளோ நீட்ட முடியுதுன்னு 2024ல தான் எலியட் ஃப்ளாமும் மனு பிரகாஷும் சயின்ஸ் இதழ்ல எழுதுனாங்க, கழுத்து தோல் காகித மடிப்பு கலை மாதிரி வளைவு மடிப்பா மடிஞ்சு கெடக்குதாம், இழுத்தா பிரியும், விட்டா அதே மடிப்புல போய் உக்காந்துக்கும். நம்ம மிஷின்ல மடிப்பெல்லாம் தெரியாது, நீட்டுறது மட்டும் ஜோரா தெரியும். இங்க தான் 40எக்ஸ் உதவுச்சு, உடம்பு ஒரே எடத்துல ஒட்டிட்டு இருக்குறதால. ஆனா கழுத்து நுனி வட்டத்த விட்டு வெளிய போயிடும், திரும்ப 10எக்ஸ் தான்.

அதே மனு பிரகாஷ் தான் ஜிம் சைபல்ஸ்கியோட சேந்து ஃபோல்ட்ஸ்கோப் கண்டுபுடிச்சவரு, பேப்பர் மைக்ரோஸ்கோப். நிறைய பேர் இத வாங்காம அத வாங்கலாமான்னு கேக்குறாங்க. 140 மடங்கு காட்டும், வெல கொறச்சல், பையில போட்டுக்கலாம், கிளாஸ்ல நாப்பது புள்ளைங்களுக்கு குடுக்கணும்னா அத விட நல்லது கெடையாது. ஆனா கட்டவிரலால தள்ளி ஃபோகஸ் பண்ணிக்கிட்டே டிடினியம் பின்னாடி ஓடுறது, என் கைக்கு அது சரிவரல.

ஓட பொறுமை இல்லாதவங்களுக்கு சக்டோரியான்னு இன்னொரு ஒரு செல் உயிரி. அது எங்கயும் போவாது, வேர்ல ஒரு காம்பு வச்சு ஒட்டிக்கிட்டு, நுனில குமிழ் வச்ச கைங்கள நீட்டிக்கிட்டு சும்மா நிக்கும். அந்த பக்கமா போற சிலியேட், அதாவது பாரமீசியம் மாதிரி சிலியா முடி வச்சு நீந்துற உயிரி, தெரியாம கைல பட்டா ஒட்டிக்கும், கொஞ்ச நேரத்துல செயலத்து போயிடும், அப்புறம் கை வழியாவே உள்ள இருக்குற சரக்க உறிஞ்சும். 40எக்ஸ் வச்சுட்டு ஃபோன மாட்டிட்டு காபி போட போலாம், வந்து பாத்தா இது பெருத்திருக்கும், அது வத்தியிருக்கும். அமீபாவும் அப்படி நிதானம் தான், கால நீட்டி வளைச்சு கிண்ணம் கட்டி உள்ள இழுக்கும், உள்ள போன சிலியேட் கொஞ்ச நேரம் நீர்க்குமிழிக்குள்ள சுத்திக்கிட்டு இருக்குறது பாக்க ஒரு மாதிரி இருக்கும். எங்கம்மா அத பாத்துட்டு "போதும்டி, சாப்ட்டு ஒரு மணி நேரம் கூட ஆவல"ன்னு போய்ட்டாங்க.

மிஷினோட பெரிய ப்ளஸ் கண்டென்சர் கீழ இருக்குற ஃபில்டர் வளையம். அதுல ஒரு ரூவா காசு சைஸவிட கொஞ்சம் சின்னதா கருப்பு சார்ட் பேப்பர் வட்டம் வெட்டி, ஓஹெச்பி ஷீட்ல, அதாவது கண்ணாடி மாதிரி தெரியுற ப்ளாஸ்டிக் தாள்ல, ஒட்டி நடுவுல வச்சா பின்னணி கன்னங்கரேல்னு ஆயிடும், உயிருங்க மட்டும் வெள்ளையா மின்னும். 4எக்ஸ், 10எக்ஸுக்கு அருமையா வரும், 40எக்ஸுக்கு வராது. வட்டத்தோட சைஸ் மிஷினுக்கு மிஷின் மாறும், ரெண்டு மூணு சைஸ் வெட்டி பாருங்க. காசு குடுத்து டார்க்ஃபீல்ட் அட்டாச்மெண்ட் வாங்க தேவையே இல்ல.

இப்ப கொறை. ஒண்ணு, ஸ்டேஜ் தானா எறங்குது, ஃபோகஸ் வச்சுட்டு அஞ்சு நிமிஷம் விட்டா மங்கிடும். கடைக்கு ஃபோன் பண்ணா "ரெண்டு பக்க பெரிய திருகையும் எதிரெதிரா இறுக்குங்க மேடம்"னாங்க, இறுக்குனேன், சரியாச்சு, ஆனா இத விக்கும்போதே செஞ்சு குடுத்துருக்கலாம். ரெண்டு, லைட்ட கம்மி பண்ணா ஃபோன் வீடியோல கருப்பு பட்டை பட்டையா ஓடுது, எல்இடி மினுக்குறதால, கண்ணுக்கு தெரியாது, கேமராவுக்கு தெரியும். முழு வெளிச்சம் வச்சுட்டு கீழ ஒரு பட்டர் பேப்பர் போட்டா போயிடும். 100எக்ஸ் ஆப்ஜெக்டிவ் மொக்க, ஓரமெல்லாம் கலங்கல், நமக்கு வேண்டாம்ங்கறதால விட்டுட்டேன், ப்ளட் ஸ்மியர், அதாவது ஸ்லைட்ல தடவுன ரத்தம், பாக்குறவங்க இந்த மாடல் பக்கமே போவாதீங்க. மரப்பெட்டி வார்னிஷ் நாத்தம் வாரக்கணக்குல போவல. வாரண்டி கார்டுல சீல் வைக்கவே இல்ல, கேட்டப்புறம் தான் வச்சாங்க.

அப்புறம் நம்ம ஊரு வெயிலும் புழுக்கமும். ஃபேன் கீழ ஸ்லைட் வச்சா சொட்டு ஓரத்துல இருந்து காஞ்சுகிட்டே வரும், சரியா முழுங்கற நேரத்துல கவர் ஸ்லிப் அமுங்கி எல்லாம் காலி. கவர் ஸ்லிப் நாலு ஓரத்துலயும் வாசலின் லேசா தடவிட்டு வைங்க, காயவும் காயாது, கொஞ்சம் ஒசரமும் கெடைக்கும், நசுங்காது. ஃபேன ஆஃப் பண்ணா நாம காஞ்சுடுவோம், அது வேற. மழை மாசத்துல லென்ஸ்ல பூஞ்சை புடிக்கும், பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் போட்டு வைங்க. பழைய பல்பு மாடல் செகண்ட் ஹேண்ட்ல கம்மியா கெடைக்குதுன்னு போவாதீங்க, பல்பு சூட்டுல சொட்டு வெந்துடும், எல்இடி தான் வேணும்.

தண்ணி எங்கன்னு கேக்குறீங்களா. கோயில் குளத்துல எறங்கி எடுக்குறதுக்கு வாட்ச்மேன் விட மாட்டாரு, விட்டாலும் பச்சை தண்ணில பெரும்பாலும் பாசி தான். பெஸ்ட் சோர்ஸ் மாடித்தோட்டக்காரங்க வீட்டு தாமரைத்தொட்டி, அடில அழுகுன எலைய ஒரு ஸ்பூன் சொரண்டி எடுத்தா அமீபா வரும், வேர பிழிஞ்சா சக்டோரியா, வொர்டிசெல்லா, ட்ரம்பெட் வடிவுல ஸ்டென்டார் எல்லாம் வரும். கொளத்தூர் மீன் கடைங்கள்ல பத்து இருவது ரூவாய்க்கு ஒரு கவர் மாஸ், அதாவது மீன்தொட்டில போடுற பாசிச்செடி, வாங்குனா கவர்ல இருக்குற தண்ணியே ஒரு காடு. ஆனா மருந்து ஊத்துன தொட்டி தண்ணியான்னு கேட்டு வாங்குங்க, மீனுக்கு வெள்ளப்புள்ளி நோய்க்கு ஊத்துற மருந்தே சிலியேட்ட கொல்றதுக்கு தான், அந்த நோய குடுக்கறதே ஒரு சிலியேட். பாத்து முடிச்சதும் கைய சோப்பு போட்டு கழுவுங்க, கொழந்தைங்க பாட்டில மூக்குகிட்ட கொண்டு போவாம பாத்துக்கோங்க, மூளைய திங்குற அமீபா நியூஸ் கேரளால இருந்து வந்துச்சுல்ல, அது மூக்கு வழியா தான் ஏறும்.

கூட வாங்க வேண்டியது ஸ்லைட் ஒரு பாக்ஸ், கவர் ஸ்லிப் ரெண்டு பாக்ஸ், ஏன்னா அது ஒடஞ்சுகிட்டே இருக்கும், ரெண்டு ட்ராப்பர், குழி ஸ்லைட் ரெண்டு, ஃபோன் மாட்டுற க்ளாம்ப். க்ளாம்ப் மட்டும் பார்க் டவுன்ல வாங்காதீங்க, வெல கூட, எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்குற ரிச்சி ஸ்ட்ரீட்ல பாதி வெலைக்கு கெடைக்கும். அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுப்பேன், அந்த எறங்குற ஸ்டேஜுக்கும் வாரண்டி சீலுக்கும் ஒண்ணு கட். போறவங்க ஞாயித்துக்கிழமை போவாதீங்க, முக்காவாசி ஷட்டர் எறங்கிருக்கும், வண்டி நிறுத்தவும் எடம் இருக்காது, சென்ட்ரல் மெட்ரோல எறங்கி நடந்துருங்க, போகும்போது பாட்டில்ல கொஞ்சம் தொட்டி தண்ணி எடுத்துட்டு போங்க, கடைல ஏற்கனவே செஞ்சு வச்ச ப்ரிப்பேர்டு ஸ்லைட போட்டு காட்டுவாங்க, அதுல எல்லாமே அழகா தான் தெரியும்.